வட்டிப் பணத்தில் எழுந்த நீல வானம்: பதுவை நடைக் குறிப்புகள்

செவ்வாய்

வெனிசிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேரத்தில் பதுவை வந்துவிடும். வெனிசில் தெருத்தெருவாக நெரிகிற கூட்டத்தில் கொஞ்சம் பேர்தான் இங்கே இறங்குகிறார்கள். இத்தனைக்கும் இத்தாலிய ஓவியம் திசை மாறியது இந்த ஊரில்தான். 14ஆம் நூற்றாண்டில் இங்கே எட்டு இடங்களில் தீட்டப்பட்ட சுவரோவியங்களை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரின் மையப்பகுதி அடக்கமானது. முக்கியமானவற்றையெல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். தெருவோரம் நெடுக வளைவுகள் தாங்கிய நடைபாதை. அக்டோபர் மழையில் குடையை விரிக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தைக்கு இது அந்தோணியார் ஊர். தூத்துக்குடியில் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குத் தவறாமல் போகிறவர், உவரி அந்தோணியார் திருவிழாவை விடாதவர். எனக்கு இது ஜோத்தோவின் ஊர். அவர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கும் சின்னக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. "எய்யா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. முதல்ல அந்தோணியாரைப் பாத்துட்டு, அப்புறம் உன் படமெல்லாம் பாப்போம்" என்று அத்தை சொல்லிவிட்டார். நடைச் சுற்றுலாவின் முதல் நாளும் அப்படியே அமைந்திருந்தது.

வழிகாட்டியாக வந்தவர் இதே ஊரில் பிறந்து, பள்ளியில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மையார். குழு சிறியது. ஆளுக்கொரு காதுக்கருவி தந்தார். கோயிலுக்குள் அவர் முணுமுணுத்தாலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் தொடங்கியதே இப்படித்தான்: "இந்த ஊர்க் கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் வட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்." எனக்கு அந்த வார்த்தை உடனே பிடித்துப்போயிற்று. ஓவியரின் பெயர், ஆண்டு, பாணி என்று ஆரம்பிக்கிற வழிகாட்டிகளைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

1200களில் பதுவை செழித்த ஊர். 1222இலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. வியாபாரம் பெருகியது, கூடவே வட்டிக்கு விடுகிறவர்களும் பெருகினார்கள். திருச்சபையைப் பொறுத்தவரை வட்டி வாங்குவது பாவம். ஊரறிந்த வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கூடாது என்று 1179இலேயே ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கம் தீர்மானித்திருந்தது. கையில் பணம், மனதில் நரக பயம். இந்த ஊரின் கலையில் பாதி அந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது என்றார் அவர்.

அந்தோணியார் லிஸ்பனில் 1195 வாக்கில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் துறவியாக இத்தாலிக்கு வந்து, கடைசிக் காலத்தைப் பதுவையில் கழித்தார். 1231 தவக்காலம் முழுக்க நாள்தோறும் பிரசங்கம் செய்தார்; கோயில்களில் இடம் பற்றாமல் கூட்டம் வெளியே மைதானங்களுக்கு வந்துவிட்டது. அவர் திரும்பத் திரும்பப் பேசிய விஷயங்களில் ஒன்று வட்டிக் கொடுமை. அதே ஆண்டு ஜூன் 13 அன்று, நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30இல், புனிதர் பட்டம். நாங்கள் அன்று பார்க்க வந்த, அவர் பெயரிலான இந்தப் பேராலயத்தை அந்த ஆண்டே கட்டத் தொடங்கினார்கள். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நவநாள் செவ்வாயில் வருவது அதனால்தான் என்று வழிகாட்டி சொன்னபோது அத்தை, தனக்குத் தெரிந்ததுதான் என்பதாகத் தலையசைத்தார்.

வெளியே நின்று பார்த்தால் கோயில் எந்த ஒரு பாணியிலும் அடங்கவில்லை. எட்டுக் குவிமாடங்கள், மசூதி மினார்களை நினைவூட்டும் மெல்லிய கோபுரங்கள், முகப்பில் வட இத்தாலியச் செங்கல். பதுவைக்காரர்கள் இதை வெறுமனே 'புனிதர்' என்கிறார்கள், பெயரே சொல்வதில்லை. முற்றத்தில் உயரமான பீடத்தின் மேல் வெண்கலக் குதிரை வீரர். வெனிஸ் குடியரசின் படைத்தலைவராக இருந்த காத்தமெலாத்தா. சிற்பி தொனாத்தெல்லோ 1453இல் முடித்தது. மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் முழு அளவு வெண்கலக் குதிரைவீரர் சிலைகளில் இதுவே பழையது. குதிரையின் ஒரு முன்னங்கால் ஒரு உருண்டையின் மேல் ஊன்றியிருக்கிறது. கால் அந்தரத்தில் நின்றால் பாரம் தாங்காதோ என்ற கவலைக்குச் சிற்பி கண்டுபிடித்த வழி அது.

உள்ளே, இடப்பக்கச் சிற்றாலயத்தில் கல்லறை. சுற்றியுள்ள சுவர்களில் அந்தோணியாரின் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, சொல்லும் ஒன்பது பளிங்குச் சிற்பப் பலகைகள். அவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வரிசையில் நின்றவர்களைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொருவராகக் கல்லறையின் பின்பக்கம் போய், உள்ளங்கையை விரித்துக் கல்லின்மேல் வைத்து, தலை குனிந்து நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் கைப்பையிலிருந்து ஒரு கைக்குழந்தையின் காலுறையை எடுத்துக் கல்லில் ஒற்றி, மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். பக்கத்துப் பலகைகளில் விபத்தில் பிழைத்தவர்கள், பிள்ளை வரம் பெற்றவர்கள் கொண்டுவந்து மாட்டிய படங்கள். அத்தை நெடுநேரம் கையை எடுக்கவில்லை. தொடச் சொல்லி எனக்கும் ஜாடை காட்டினார். தொட்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்தது.

பளிங்குப் பலகைகளில் ஒன்று, துல்லியோ லொம்பார்தோ 1525இல் செதுக்கியது. ஒரு பெரும் பணக்காரர் இறந்துபோகிறார். அடக்கச் சடங்கில் பிரசங்கம் செய்யும் அந்தோணியார், உன் செல்வம் எங்கேயோ அங்கேதான் உன் இதயமும் என்ற நற்செய்தி வாக்கைச் சொல்லி, இவருடைய இதயம் இந்த உடலில் இல்லை, பணப்பெட்டியில் போய்ப் பாருங்கள் என்கிறார். உடலைத் திறந்தால் நெஞ்சுக்குள் இதயம் இல்லை. பெட்டியைத் திறந்தால், காசுகளுக்கு நடுவே இருக்கிறது.

இதே கதையைத் தொனாத்தெல்லோ பிரதான பீடத்தில் வெண்கலத்தில் செய்திருக்கிறார். 1443 முதல் பத்தாண்டு காலம் அவர் பதுவையில்தான் இருந்தார். பீடத்தில் அவருடைய நான்கு புதுமைக் காட்சிகள் உண்டு. பீடம் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, இப்போதுள்ள வடிவில் 1895இல் கட்டிட வல்லுநர் கமில்லோ போய்த்தோ திரும்பச் சேர்த்தது. தூரத்தில் நிற்பதால் வெண்கலத்தின் நுணுக்கம் தெரியாது என்று வழிகாட்டி தன் கைக்கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். நடுவில் திறந்த மார்போடு பிணம். அதைச் சுற்றித்தான் அந்தக் கலைஞனின் மேதைமை. ஒருவர் முழந்தாளிட்டு எட்டிப் பார்க்கிறார், ஒரு தாய் பிள்ளையை இழுத்து அணைக்கிறாள், சிலர் தூண்களைப் பிடித்துக்கொண்டு மிரண்டு ஒதுங்குகிறார்கள். விரற்கடை ஆழமுள்ள வெண்கலத்தில் ஒரு ஊரே ஓடிவந்து நிற்கிறது. புதுமை நடந்த கணத்தில் பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் அவருக்கு அக்கறை. பளிங்கில் லொம்பார்தோ செய்தது இதன் பக்கத்தில் அடங்கிப்போகிறது, என் அபிப்பிராயம்.

பின்புறத் திருப்பண்டச் சிற்றாலயத்தில் அந்தோணியாரின் நாக்கு. 1263இல் உடலை இடம் மாற்றியபோது அழியாமல் இருந்ததாகக் கண்டு தனியே எடுத்து வைத்தது. அத்தை முழந்தாளிட்டார். நான் பின்னால் நின்றேன். இதைப் பற்றி இன்னும் எழுத எனக்குத் தகுதியில்லை.

புதன்

காலையில் சந்தை. எர்பே சதுக்கத்தில் காய்கறிக் கடைகள், அடுத்த சதுக்கத்தில் பழக்கடைகள், இரண்டுக்கும் நடுவே பலாஸ்ஸோ தெல்லா ரஜோனே. கீழ்த்தளத்தில் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் விற்கும் கடைகள். மேலே நகரத்தின் பழைய நீதிமன்றம். சந்தையும் கோர்ட்டும் ஒரே கட்டிடத்தில். விற்பனைத் தகராறு வந்தால் படியேறினால் போதும்.

மேல்தளத்தில் ஒரே ஒரு கூடம். எண்பது மீட்டருக்கு மேல் நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 1306க்குப் பிறகு ஃப்ரா ஜொவான்னி என்ற எரெமித்தானி (அகுஸ்தீன் சபை) துறவி மரக்கூரையை இப்படி உயர்த்தினார். அண்ணாந்து பார்த்த அத்தை, "பெரிய வள்ளத்தைக் கவுத்துப் போட்டாப்ல இருக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டிக்கு ஒரே சந்தோஷம். கவிழ்த்த கப்பல் என்றுதான் இங்கேயும் சொல்கிறார்களாம்.

சுவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டங்களில் ராசிகள், கோள்கள், மாதங்கள், அந்தந்தக் கோளின் கீழ் பிறந்தவர்கள் செய்யும் தொழில்கள். இங்கே முதலில் வரைந்தவர் ஜோத்தோ. 1420இல் பிடித்த தீ அத்தனையையும் கொண்டுபோயிற்று. இப்போது இருப்பவை அதன் பிறகு நிக்கொலோ மிரெத்தோவும் இன்னொருவரும் வரைந்தவை. ஜோதிடத்தை நம்பாதவனான எனக்கும், நீதிபதியின் தலைக்குமேல் கிரகங்களை வரைந்து வைத்த அந்தக் காலத்து மனம் யோசிக்க வைத்தது. ஒரு மனிதனுக்குத் தண்டனை சொல்லும் இடத்தில் அவன் பிறந்த நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

கூடத்தின் ஒரு மூலையில் இருக்கும் கருங்கல் பீடத்தைப் பலர் கவனிக்காமலே போகிறார்கள். அவமானக் கல் என்று பெயர். கடனை அடைக்க முடியாதவன் உள்ளாடையோடு ஊரார் முன்னால் இதில் மும்முறை உட்கார்ந்து எழுந்து, என் சொத்தையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று லத்தீனில் சொல்ல வேண்டும். அப்புறம் ஊரைவிட்டுப் போக வேண்டும். கேட்டவுடன் கொடூரமாகத்தான் தோன்றியது. ஆனால் இதற்கு முன்பிருந்த வழக்கம் என்ன என்று வழிகாட்டி சொன்னார்: கடனாளிக்குச் சிறை. அதுவும் அடைக்கும்வரை, அதாவது பெரும்பாலும் சாகும்வரை. 1231 மார்ச்சில் நகரசபை ஒரு சட்டம் போட்டது. சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியையோ அவனுக்கு ஜாமீன் நின்றவரையோ இனிச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், சகோதரர் அந்தோணியின் வேண்டுகோளின்படி என்று. அவர் சாவதற்கு மூன்று மாதம் முன்னால்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர், கோடி அற்புதர் என்று அவர் அறிந்த அந்தோணியார், ஒரு சட்டத்தை மாற்ற நகரசபை வாசலில் போய் நின்றிருக்கிறார். "கடன்காரனுக்காவ பேசிருக்காரா?" என்று கேட்டுவிட்டு, கல்லின் பக்கத்தில் போய்ச் சிறிது நேரம் நின்றார். அத்தைக்குக் கந்துவட்டியால் நொடித்துப்போன குடும்பங்கள் தெரியும்.

மதியம் வாத்துக்கறி போட்ட பீகொலி. கனமான, சொரசொரப்பான பாஸ்தா, குழம்பு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஊர்ச் சாப்பாட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

பிற்பகலில் ஆயர் ஆலயத்தை ஒட்டிய திருமுழுக்கு மண்டபம். வெளியே சாதாரணச் செங்கல் கட்டிடம். கதவைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடுகிறது. குவிமாடம் முழுக்க விண்ணகம்: மையத்தில் கிறிஸ்து, அவரைச் சுற்றி வளையம் வளையமாகப் புனிதர்கள், ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் பொன்வட்டம். ஃப்ளாரன்சிலிருந்து வந்த ஜூஸ்தோ தெ மெனபுவோய் 1370களில் வரைந்தது. செலவு செய்தவர் ஃபீனா புஸ்ஸக்கரீனி, பதுவையை ஆண்ட கர்ராரா பிரபுவின் மனைவி. இதைத் தங்கள் கல்லறை மண்டபமாக ஆக்க நினைத்தவர். திருமுழுக்கு யோவான் பிறக்கும் காட்சியில், பேறுகாலப் படுக்கைக்குப் பக்கத்தில் தன் மகள்களோடு அவரே வந்து நிற்கிறார். 1405இல் வெனிஸ் இந்த ஊரைப் பிடித்ததும் கர்ராரா குடும்பத்தின் கல்லறைகள் போய்விட்டன. பிள்ளை பார்க்க வந்த பெண்ணாக அவர் மட்டும் சுவரில் இருக்கிறார்.

வியாழன்

இன்று ஸ்க்ரொவேஞ்ஞி, ஜோத்தோ வரைந்த அந்தச் சின்னக் கோயில்.

முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு நேரத்தில் 25 பேர் வரைதான். முதலில் கண்ணாடி அறை ஒன்றில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம்மோடு வரும் ஈரமும் தூசியும் அங்கே அடங்க வேண்டும். அதன் பிறகே கதவு திறக்கும். உள்ளே இன்னொரு கால் மணி நேரம். மணி அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கண்ணாடி அறைக்குள் எல்லோரும் காணொளியைப் பார்க்க, வழிகாட்டி எங்களுக்குக் காதுக்குள் கதை சொன்னார்.

ரெஜினால்தோ ஸ்க்ரொவேஞ்ஞி இந்த ஊரின் பெரிய வட்டிக்காரர். கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகத்தில் வட்டிக்காரர்களை நெருப்பு மழையில் உட்கார வைத்து, கழுத்தில் ஆளுக்கொரு பணப்பையைத் தொங்கவிடுகிறார். பதுவைக்காரன் ஒருவனின் பையில் சினைப்பன்றி வரைந்திருக்கிறது. அது ஸ்க்ரொவேஞ்ஞி குடும்பத்தின் சின்னம். மகன் என்ரிக்கோ 1300இல் பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி மாளிகை கட்டினார், பக்கத்தில் மாதாவுக்கு இந்தக் கோயிலையும் கட்டினார். அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரம் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அண்டையில் இருந்த எரெமித்தானித் துறவிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1305 ஜனவரியில் ஆயரிடம் புகார் கொடுத்தார்கள்: குடும்பத்துக்கு ஒரு சின்ன ஜெபக்கூடம் என்று அனுமதி வாங்கிவிட்டு மணிக்கூண்டெல்லாம் வைத்துக் கட்டுகிறார், இது கடவுள் மகிமைக்கு அல்ல, வீண் பெருமைக்கு என்று. 1305 மார்ச் 25இல் கோயில் அர்ச்சிக்கப்பட்டு வழிபாட்டுக்கு வந்தது.

கதவு திறந்தது.

நீலம். கூரை வளைவு முழுக்க ஆழ்ந்த நீலம், பொன் நட்சத்திரங்கள். தூண் இல்லாத ஒற்றை அறை. தெற்குச் சுவரில் மட்டும் ஜன்னல்கள். மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னாள் கதையில் தொடங்கி, மாதா, இயேசு என்று வரிவரியாகச் சுவரைச் சுற்றி இறங்கி வருகிறது. படம் பார்க்க நாமும் அறைக்குள் சுற்றிச்சுற்றித்தான் நடக்க வேண்டும்.

சுவரோவியம் வரைகிற முறையை வழிகாட்டி முந்தின நாளே விளக்கியிருந்தார். அன்றைக்கு எவ்வளவு வரைந்து முடிக்க முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். காய்ந்தபின் வண்ணமும் சுவரும் ஒன்று. மறுநாள் அதன் விளிம்பில் புதுக் காரை. இந்தக் கோயிலில் அப்படி அறுநூறுக்கும் மேற்பட்ட பூச்சுகளை எண்ணியிருக்கிறார்கள். வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் ஒரு தலையைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுவதை அவர் விரலால் காட்டினார். முகம் ஒரு நாள் வேலை. பக்கத்திலிருந்த ஆகாயம் வேறொரு நாள். ஜோத்தோ எங்கே நின்று மூச்சு விட்டார், எந்த முகத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுத்தார் என்பது சுவரிலேயே எழுதியிருக்கிறது. நீலம் மட்டும் விதிவிலக்கு. அந்தத் தாதுப்பொடி ஈரச் சுண்ணாம்பில் நிலைக்காது என்பதால் சுவர் காய்ந்த பிறகு பசை கலந்து பூசினார்கள். மாதாவின் மேலாடை பல காட்சிகளில் உரிந்து போயிருப்பது இதனால்தான்.

யூதாஸ் முத்தமிடும் காட்சியில் அவனுடைய மஞ்சள் போர்வை இயேசுவை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிடுகிறது. இரண்டு முகங்கள் மட்டும் வெளியே, மூக்கோடு மூக்காக. சுற்றிலும் தீவட்டியும் ஈட்டியுமாக அமளி. இயேசு அவனை நேராகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. உன்னை எனக்குத் தெரியும் என்கிற பார்வை. அதற்கு முன்னால் எந்த இத்தாலியரும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இப்படிப் பார்ப்பதாக வரைந்ததில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

அடக்கத்துக்கு முன் உடலைக் கிடத்தி அழும் காட்சியில் முன்னால் இரண்டு பெண்கள் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே இல்லை, போர்வை போர்த்திய முதுகுகள். அவர்களுக்குப் பின்னால் நாமும் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அத்தை இந்தப் படத்தின் முன் நின்றவர் நகரவில்லை. மாதா மகனுடைய கழுத்தைச் சுற்றிக் கையிட்டு, முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கிறாள். "சாவு வீட்டுல இப்படித்தான்யா பாப்பாங்க" என்று அத்தை மெல்லச் சொன்னார். வானத்தில் சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், ஆளுக்கொரு விதமாய்க் கதறுகின்றன.

குழந்தை இயேசுவைக் காண மூவரசர் வரும் காட்சியில் தொழுவத்துக்கு மேலே நெருப்பு வாலோடு ஒரு வால்நட்சத்திரம். 1301இல் வந்த ஹாலி வால்நட்சத்திரத்தை ஜோத்தோ பார்த்திருப்பார் என்கிறார்கள். 1986இல் ஹாலியை நெருங்கிப் படமெடுத்த ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜோத்தோ என்று பெயர் வைத்தது அதனால்தான்.

சுவரின் அடிவரிசைக்கு யாரும் கண்ணைத் தாழ்த்துவதில்லை. நற்பண்புகள் ஏழு, தீக்குணங்கள் ஏழு, எதிரெதிராக, கற்சிலை என்று ஏமாறும்படி சாம்பல் நிறத்தில். பொறாமை என்பவள் ஒரு கையில் பணப்பையை இறுக்கிக்கொண்டு நெருப்பில் நிற்கிறாள். அவள் வாயிலிருந்து வெளியே வரும் பாம்பு வளைந்து திரும்பி அவள் கண்ணையே கொத்துகிறது. நேர் எதிரே அன்பு. காலடியில் பணமூட்டைகள், அவற்றின் மேல் ஏறி நின்று தன் இதயத்தை எடுத்து மேலே கடவுளிடம் நீட்டுகிறாள். இரண்டு நாளுக்கு முன் பணப்பெட்டியில் கிடந்த இதயம் நினைவுக்கு வந்தது. இது வட்டிப் பணத்தில் கட்டிய கோயில். யாருடைய காசில் வரைகிறோம் என்று ஜோத்தோவுக்கு நன்றாகத் தெரியும்.

மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு. உச்சியில் இரண்டு சம்மனசுகள் வானத்தைத் துணியாகச் சுருட்டுகின்றன. கீழே நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். அதே சுவரில், சிலுவைக்கு இந்தப் பக்கம், மீட்கப்பட்டவர்களின் பக்கத்தில், என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி முழந்தாளிட்டு இந்தக் கோயிலின் மாதிரியை மாதாவிடம் கொடுக்கிறார். அவருக்கும் தூக்கில் தொங்குகிறவர்களுக்கும் நடுவே ஒரு சிலுவை மட்டும். பூசைக்கு வந்து திரும்பிப் போகிற ஒவ்வொரு முறையும் என்ரிக்கோ இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போயிருப்பார். துறவிகள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், வீண் பெருமைக்காகவே கட்டியிருக்கட்டும். தன் தகப்பனின் தொழிலைச் செய்தவர்களை இந்த நிலையில் தன் சொந்தச் சுவரில் வரைய விட்டவரை என்னால் லேசாக நினைக்க முடியவில்லை. அவர் 1336இல் வெனிசில், ஊரைவிட்டு விலகியே இறந்தார். உடல் இங்கே பீடத்துக்குப் பின்னால்.

மணி அடித்தது.

வெள்ளி

ஸ்க்ரொவேஞ்ஞியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எரெமித்தானி ஆலயம், அந்தப் புகார் கொடுத்த துறவிகளுடையது. 1944 மார்ச் 11 அன்று நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டு இதன்மேல் விழுந்தது. பீடத்தின் வலப்பக்கம் இருந்த ஒவெத்தாரி சிற்றாலயம் தூளாயிற்று. அதில் இருந்தது ஆந்திரேயா மந்தேஞ்ஞாவின் சுவரோவியம். 1448இல் ஒப்பந்தம் போட்டபோது அவருக்குப் பதினேழு வயது இருக்கும். இத்தாலி அந்தப் போரில் இழந்த கலைச்செல்வங்களில் இதற்குத்தான் முதலிடம் என்பேன்.

இடிபாட்டிலிருந்து கிடைத்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்தார்கள். எண்பதாயிரத்துக்கும் மேல், பல நகத்தளவு. ஐம்பது வருடம் பெட்டிகளில் கிடந்தன. பிறகு பதுவைப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு ஒவ்வொரு துண்டையும் கணினியில் ஒப்பிட்டு இடம் கண்டுபிடித்தார்கள். இப்போது சுவரில் பழைய படம் சாம்பல் நிழலாக இருக்கிறது. அதன்மேல் அங்கங்கே அசல் வண்ணத்தோடு துண்டுகள். ஒரு சிப்பாயின் முழங்கால். ஒரு வளைவின் ஓரம். அப்போஸ்தலர் யாகப்பர் கொலைக்களத்துக்குப் போகும் காட்சியில் நாம் தரைமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதாக மந்தேஞ்ஞா வரைந்திருந்தார். அந்தக் கோணம் நிழலிலும் தெரிகிறது. குண்டு விழுவதற்கு அறுபது வருடம் முன்பே சுவரிலிருந்து பிரித்தெடுத்திருந்த சில பகுதிகள் மட்டும் முழுசாகத் தப்பின. அவற்றில் ஒன்று மாதாவின் விண்ணேற்பு. பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்குப் பதில் எட்டுப் பேரைத்தான் வரைந்திருக்கிறார் என்று படம் கேட்ட விதவை இம்பெராத்ரீச்சே ஒவெத்தாரி மந்தேஞ்ஞா மேல் வழக்குப் போட்டது இந்தப் படத்துக்காகத்தான்.

இதே குண்டு சற்றுத் தள்ளி விழுந்திருந்தால் நேற்று நாங்கள் பார்த்த நீலம் இல்லை. வழிகாட்டி அதைச் சொல்லவில்லை, குழுவில் யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

மதியத்துக்கு மேல் மறுபடி அந்தோணியார் முற்றம். பேராலயத்தை ஒட்டியிருக்கும் புனித ஜார்ஜ் ஜெபக்கூடத்தில் அல்திகியேரோ 1384 வாக்கில் முடித்த ஓவியங்கள். ஜோத்தோவிடம் ஆட்கள் குறைவு, அழுத்தம் அதிகம். அல்திகியேரோவிடம் ஊர்த் திருவிழாவே இருக்கிறது: குதிரைக்காரர்கள், வேடிக்கை பார்க்கும் பெண்கள், மாடத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். நெப்போலியன் காலத்தில் இந்த அறையைச் சிறைச்சாலையாக வைத்திருந்தார்கள் என்பது பொறுக்க முடியாத செய்தி. புனித லூசியாவை எருதுகள் பூட்டி இழுத்தும் நகர்த்த முடியாத காட்சியைக் கண்டதும், யாரும் சொல்லாமலே அத்தைக்குக் கதை தெரிந்துவிட்டது. குழுவில் இருந்தவர்களுக்கு அவரே தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். இங்கே கால் மணி நேரக் கெடுபிடி கிடையாது. வெளிச்சம் மங்கும்வரை இருந்தோம்.

சந்த ஜூஸ்தீனா ஆலயத்துக்கும் போனோம். பிரம்மாண்டமானது, நற்செய்தியாளர் லூக்காவின் கல்லறையும் வெரோனேசேயின் பெரிய பீடப்படமும் உண்டு. பார்த்து முடித்த களைப்பில் அதற்கு நியாயம் செய்யவில்லை.

வர நினைக்கிறவர்களுக்கு: ஸ்க்ரொவேஞ்ஞிக்கு ரயில் டிக்கெட்டுக்கு முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். முதல் நாள் அந்தோணியார் பேராலயத்தையும் அவமானக் கல்லையும் பார்த்துவிட்டு, அப்புறம் அங்கே போங்கள். கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கிடைக்கிற கால் மணி நேரத்தில் கூரையை அண்ணாந்து பார்ப்பதில் பாதி போய்விடும், அது இருக்கட்டும். மீதியில் கொஞ்சத்தை அடிவரிசைக்கு ஒதுக்குங்கள். அன்பு தெற்குச் சுவரில், பொறாமை வடக்கில். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள்.